அப்பாவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன்

ஒற்றைக்காலுறை:

ஏழு வாரத்துக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: "பரவாயில்லை".

அப்பாவை அறிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடை சரியாக இருந்தாலும், சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரவில்லை என்றால் அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்வார். சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கினால் நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்யாமல் உட்கார மாட்டார். எனக்கு முப்பத்து நாலு வயதாகிறது. இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து "பரவாயில்லை" என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. இப்போது அது ஒன்றுதான் வருகிறது. தாகம் எடுத்தாலும் பரவாயில்லை. முதுகு வலித்தாலும் பரவாயில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்வதும் பரவாயில்லைதான்.

மருத்துவமனையில் இரண்டாவது வாரம். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து கட்ட வேண்டிய தொகையை வாசித்தார். பெரிய தொகை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா தலையணையில் சாய்ந்தபடி, ஜமீன்தார் மாதிரி இடது கையை ஒரு வீசு வீசி, "பரவாயில்லை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள். "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு அப்புறம் மாத்திரை, டாக்டர், முறை மாற்றுவது தவிர வேறு எதுவும் என்னிடம் பேசுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலக அழைப்பு இருந்தது. அதற்குள் அப்பாவுக்குக் காலுறை மாட்டிவிட வேண்டும். ஒன்று இருக்கிறது, ஜோடியைக் காணோம். கட்டிலுக்கு அடியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள், போர்வை மடிப்பில் எல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிடம் இருக்கும். பக்கவாதம் வந்த அன்று எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு காலுறைக்கு இவ்வளவு அழுகை!

அழ வேண்டிய இடத்தில் சிரிக்கிறேன், ஒன்றுமில்லாத இடத்தில் அழுகிறேன். அந்த வராந்தாச் சிரிப்புக்கு அப்புறம் கொஞ்ச நேரம் தோள் லேசாக இருந்தது என்பதும் உண்மை. இரண்டு மாதத்தில் வேறு எதுவும் அதைச் செய்யவில்லை. எனக்கு இரண்டு கேள்விகள். கஷ்டத்தை இப்படி லேசாக எடுத்துக்கொள்வது சமாளிப்பதா, இல்லை தப்பி ஓடுவதா? அப்புறம், அப்பாவைப் பார்த்துச் சிரித்தவன் என்ன மாதிரி மகன்?

---

குறள்கிறுக்கன்:

இடுக்கண் வருங்கால் நகுக. 621வது குறள். வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார், நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?

---

மழைக்கோட்டு:

குறள்கிறுக்கன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் குறளைச் சொன்னாலே எனக்கு எரிச்சல் வருகிறது. என் வேலை போன வருடம் இதை என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் வேலையில் இருந்தவர்கள். "லேசா எடுத்துக்கோ", "சிரிச்சுட்டே இரு", "இதுவும் கடந்து போகும்". கடந்து போகத்தான் போகும், என் மேல் ஏறிக் கடந்து போகிறதே, அதுதான் பிரச்சினை.

விக்டர் பிராங்க்ல் என்ற வியன்னா மனநல மருத்துவரை இந்த இடத்தில் யாராவது கொண்டுவருவார்கள், அதனால் நானே கொண்டுவந்துவிடுகிறேன். நாஜி வதைமுகாமில் கட்டட வேலை செய்தபோது, அவரும் பக்கத்தில் வேலை செய்த நண்பரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். விடுதலை ஆன பிறகு நடக்கக்கூடிய வேடிக்கை ஒன்றைத் தினமும் கற்பனை செய்து சொல்ல வேண்டும். முகாமில் சூப் ஊற்றும்போது பாத்திரத்தின் அடியிலிருந்து அள்ளினால்தான் ஏதாவது திடமாகக் கிடைக்கும். அதனால் ஊருக்குத் திரும்பி ஒரு பெரிய வீட்டு விருந்துக்குப் போனாலும், பழக்கதோஷத்தில் "அடியிலிருந்து ஊற்றுங்கள்" என்று கெஞ்சிவிடுவோம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஜோக்கைச் சொன்னது பிராங்க்லும் அவர் நண்பரும். இருவரும் அதே பசியில் இருந்தவர்கள். முகாமின் காவலாளி அதைச் சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் வேறு. உங்கள் கேள்விக்கு என் பதில்: நீங்கள் அந்த அறைக்குள் இருப்பவர், உங்களுக்குச் சிரிக்க உரிமை உண்டு. வெளியே இருந்து "சிரி" என்று சொல்பவர்களுக்குத்தான் இல்லை.

---

வரைவெழுத்தர் (ஓய்வு):

தம்பி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடம் அலுவலகக் கடிதங்களை வரைந்தவன், சுருக்கமாக எழுதும் பழக்கம் இல்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து ஐந்து வருடம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். பகலில் நான் சரியாகத்தான் இருப்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் விழிப்பு வந்துவிடும். நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். ஒரு பயம் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வரும், அது தன் உறவினரை எல்லாம் கூட்டிக்கொண்டு வரும். ஒருநாள் தாங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கை தன் பழக்கப்படி எழுத ஆரம்பித்தது:

"பொருள்: அதிகாலை 3.10 மணிக்கு நெஞ்சு படபடத்தல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த நேற்றைய படபடப்பு.

பார்வையில் காணும் படபடப்பின் மூலம் எழுப்பப்பட்ட 14 அச்சங்களும் பரிசீலிக்கப்பட்டன. அவற்றுள் 11 ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டவை. 2 அச்சங்களுக்கு உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை. எஞ்சிய 1 உண்மையானதே எனினும், இது அலுவல் நேரம் அல்ல என்பதால், மேற்படி அச்சம் காலை 9 மணிக்கு மேல் நேரில் ஆஜராகுமாறு அறிவுறுத்தப்படுகிறது."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஆனால் படபடப்பு இறங்கியிருந்தது. பதினாலு என்று எண்ணிப் பார்த்ததுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். எண்ணும் வரை அது கணக்கில்லாத ஒன்றாக இருந்தது.

அதற்கு அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் டயாலிசிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த நோட்டை மறந்து வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவள் அதைப் படித்திருந்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "எழுத்துப்பிழை உள்ளது. திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்." அதிலிருந்து அந்த நோட்டு இருவருக்கும் பொது. எனக்கு என்ன பயம் என்று அவளிடம் நேராக ஒருநாளும் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற எழுத்தனுக்கு அந்தத் தைரியம் கிடையாது. "பொருள்: தாங்கள் இல்லாத வீடு – தொடர்பாக" என்று எழுத முடிந்தது. அதற்கு அவள் "கோப்பில் வைக்கவும்" என்று மட்டும் எழுதினாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன். உங்கள் அக்கா விஷயத்துக்கு இதுதான் வேண்டும். மனைவி இறந்து மூன்றாவது வாரம் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அழுதாள். எனக்கு அந்த அழுகையைக் கேட்க முடியவில்லை. "மேற்படி அழுகை இவ்வலுவலகத்தில் பெறப்பட்டது" என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. "அப்பா, உங்களிடம் அழக்கூட முடியாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். எனக்கு மூச்சு விட உதவிய அதே விஷயத்தை வைத்து அவள் வாயை அடைத்துவிட்டேன். அது தப்பி ஓடியதுதான், வேறு பெயர் இல்லை.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் அனுபவத்தில் கிடைத்த பதில் இது. மூன்று மணிக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பயத்தின் பெயர் இருந்தது. மகளிடம் அடித்த ஜோக்கில் என் மனைவியின் பெயரே இல்லை. நீங்கள் வராந்தாவில் சிரித்தபோது அப்பாவை மறந்தா சிரித்தீர்கள்? அந்த முப்பத்தோரு வருட வாத்தியாரை முழுசாக நினைவில் வைத்திருந்ததால்தானே அந்தக் கையசைப்பு அவ்வளவு வேடிக்கையாகத் தெரிந்தது!

ஆனால் அக்காவிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்களா? அவள் பார்த்தது சிரிக்கும் முதுகை மட்டும்தான். ஏன் சிரித்தாய் என்று தெரியாது. அவளை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் எங்கோ போய்விட்டதாக அவளுக்குத் தோன்றியிருக்கும். சமாதானம் சொல்லப் போகாதீர்கள். அரை மதிப்பெண் கதையை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

காலுறை பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்கு அது ஒரு குடைக்கம்பி. இருபது நிமிடம் அழுதேன். உங்களைவிடப் பத்து நிமிடம் மூத்தவன்.

---

பேச்சுப்பயிற்சி:

பக்கவாதத்துக்கு அப்புறம் பேச்சு இழந்தவர்களோடு வேலை செய்பவள் நான். மற்றவர்கள் மனசைப் பார்த்துக்கொண்டார்கள், நான் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அது தெரிந்தால் குற்றவுணர்ச்சி கொஞ்சம் குறையும்.

ஒரே சொல்லோ அசையோ மட்டும் மிஞ்சுவது எங்களுக்குப் பழகிய விஷயம். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் விவரித்த நோயாளிக்கு "டான்" என்ற ஒலி மட்டும்தான் வந்தது. அவரை எல்லோரும் டான் என்றே கூப்பிட்டார்கள். மூளையின் இடது முன்பகுதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியது அவரால்தான். உங்கள் அப்பா அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவில்லை. "எல்லாம் பரவாயில்லை" என்று ஞானம் அடைந்துவிடவும் இல்லை. அவர் சொல்ல நினைப்பது வேறு, வாயில் வந்து விழுவது இது. அவருக்கு அது எரிச்சலாகக்கூட இருக்கலாம். அதனால் சொல்லை விட்டுவிட்டு ராகத்தைக் கேளுங்கள். தாகத்தின் பரவாயில்லைக்கும் வலியின் பரவாயில்லைக்கும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேச முடியாதவருக்குப் புரியாது என்று நினைத்து, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

இன்னொரு தகவல் உங்களுக்குப் பயன்படலாம். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு மனப்பாடமாகிப் போன வரிசைகள் தடையில்லாமல் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகள், பழைய பாட்டு, சிலருக்குக் கெட்ட வார்த்தை. (கெட்ட வார்த்தை வந்தால் குடும்பமே பதறும். நான் சந்தோஷப்படுவேன், ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று.) கணக்கு வாத்தியார் என்கிறீர்கள். எதில் ஆரம்பிக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்பா திடீரென்று அழுதாலோ சிரித்தாலோ, அதற்கும் அவர் மனதுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கக்கூடும். உணர்ச்சியை வெளிக்காட்டும் கட்டுப்பாடு சிலருக்குப் பாதிக்கப்படும். அப்படி நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு.

வரைவெழுத்தர் ஐயா, அந்த மூன்று மணிக் கடிதத்தில் இரண்டு ஆய்வுகளை உங்களை அறியாமல் செய்திருக்கிறீர்கள். உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் வைத்தால் மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளுக்கு எதிர்வினை காட்டும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிகிறது என்று மாத்யூ லீபர்மனின் குழு 2007இல் காட்டியது. கவலைக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அதற்குத் தள்ளிப்போடும் முறையைத் தாமஸ் போர்கோவெக்கின் குழு 1983இலேயே சோதித்தது. "அலுவல் நேரம் அல்ல" என்ற வாசகம் அவர்களிடம் இல்லை, அது உங்களுடையது.

ஒற்றைக்காலுறை, கடைசியாக உங்களைப் பற்றி. காலுறைக்கு அழுவதில் தப்பில்லை. நெருக்கடி நடக்கும்போது வராத அழுகை, சாவகாசமாக வழி தேடி வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ ஒழுங்காக இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, சிரிப்பே வரவில்லை, அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அந்தக் கடைசி எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பாருங்கள். நோயாளியை நாலு டாக்டரிடம் கூட்டிப் போகும் பிள்ளைகள் தாங்கள் ஒருவரைக்கூடப் பார்ப்பதில்லை, நான் தினமும் காண்கிறேன்.

---

குறள்கிறுக்கன்:

மழைக்கோட்டு சொன்னது சரி. எதிராளியின் கஷ்டத்துக்கு மேற்கோள் எடுத்து நீட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மன்னிக்கவும்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்பு நாலு காரணத்தால் பிறக்கும் என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இதில் எள்ளல் மட்டும்தான் இன்னொருவரை மட்டம் தட்டும் சிரிப்பு. உங்கள் வராந்தாச் சிரிப்பில் அது எங்கே இருக்கிறது என்று தேடினேன், அகப்படவில்லை. அதே இயல் எட்டு உணர்ச்சிகளை வரிசைப்படுத்தும் பட்டியலில், நகைக்கு அடுத்து நிற்பது அழுகை. இதற்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, பழக்கத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

---

ஒற்றைக்காலுறை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அக்காவிடம் பேசினேன். அரை மதிப்பெண்ணில் ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்குக் கால் மதிப்பெண் குறைப்பார், பெண் பிள்ளை என்று சலுகை" என்றாள். இது எனக்கு முப்பது வருடமாகத் தெரியாத செய்தி. இப்போதும் அவளுக்கு வராந்தா விஷயத்தில் முழுச் சமாதானம் இல்லை. "அன்றைக்கு நீ என்னையும் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள். வரைவெழுத்தர் ஐயா சொன்னது அப்படியே.

நேற்று மாலை இரண்டு பேரும் அப்பாவின் இரு பக்கமும் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தோம். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. முதலில் உதடு மட்டும் அசைந்தது. மூவேழுக்கு ஒரு ஒலி வந்தது. நாலேழு இருபத்தெட்டு, முழுசாக, தெளிவாக, அவருடைய வகுப்பறைக் குரலில் வந்தது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். ஐயேழு, ஆறேழு என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நாங்கள் நிறுத்திவிட்டோம், அவர் நிறுத்தவில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது.

எனக்கு என்ன புத்தி வந்ததோ, அவரை முந்திக்கொண்டு "எட்டேழு ஐம்பத்து நாலு" என்றேன். வேண்டுமென்றேதான்.

அப்பா நிறுத்தினார். என்னைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பில் பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்தார். ஐம்பத்தாறு என்று சொல்லத்தான் பார்த்தார், அது முகத்தில் தெரிந்தது. வரவில்லை. கை மெதுவாக மேலே வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தது. அப்புறம், முப்பத்தோரு வருடக் கோபத்தையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ப-ர-வா-யி-ல்-லை" என்றார்.

ஒரு நொடி மூன்று பேரும் அப்படியே இருந்தோம். முதலில் சிரித்தது அப்பா. வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. அக்கா சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

காலுறை இன்னும் கிடைக்கவில்லை.

---

வரைவெழுத்தர் (ஓய்வு):

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. ஒரு விவரம் விடுபட்டுள்ளது. குட்டியது எந்தக் கை?

---

ஒற்றைக்காலுறை:

இடது கை, ஐயா. ஆனால் வலி பழையபடியேதான் இருந்தது.